நீச்சல் குளத்துப் பம்பும் பணிய லயத்துப் பீலியும்

நோர்வூட்டுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாவில் நீச்சல் குளம் வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கீழே பணிய லயத்து வரிசை வீடுகளில் சிரிக்காத ஆள் இல்லை. மார்கழியில் முகம் கழுவவே வெந்நீர் கேட்டு அழுகிற ஊர் இது. இங்கே காசு கொடுத்து வந்து பச்சைத் தண்ணீரில் குதிக்கிற கிறுக்கன் எவன் என்று பேசிக்கொண்டோம். குதித்தார்கள். பனி மூட்டத்துக்கு நடுவே நீலமாக விளக்கு எரியும். அதற்குள் நின்று படம் எடுப்பார்கள். இரண்டு நிமிடத்தில் பல் கிட்டித்துப்போய் மேலே வந்து துவாய் கேட்பார்கள். துவாய் கொடுப்பது என் வேலை.

பங்களாவைக் கொழும்பில் வியாபாரம் செய்யும் ஒருவர் குத்தகைக்கு எடுத்து விடுதி ஆக்கியிருந்தார். கூட்டிப் பெருக்கி, சமையல்காரருக்கு ஒத்தாசை செய்து, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவள் நான். கொழும்பில் சில வருடம் வீட்டு வேலை பார்த்ததில் சிங்களமும் கொஞ்சம் இங்கிலீசும் வாய்க்கு வந்துவிட்டன. அதனால் ஆட்கள் வந்தால் பேசுவதும் நான்தான்.

குளத்துக்குக் கரண்ட் வேலை செய்யக் கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்கள் வேலை செய்த விதத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு குளத்துக்கு இவ்வளவு பயப்படுவார்களா என்று நினைத்தேன். தண்ணீருக்குள் எரியும் விளக்குக்குப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் விடவில்லை. அதைக் குறைக்கிற பெட்டியைக் குளத்துக்குத் தூரமாக, மழை படாத இடத்தில் வைத்தார்கள். இறங்கும் ஏணி, பிடித்துக்கொள்ளும் கம்பி, பம்பு என்று இரும்பாக இருந்த எல்லாவற்றையும் செப்புக் கம்பியால் ஒன்றாகக் கோத்து, மண்ணுக்குள் அடித்த செப்புக் கோலில் கொண்டுபோய் முடிந்தார்கள். சுவரில் ஒரு போர்டு. அதில் ஒரு டிரிப் சுவிட்ச். எங்கேயாவது கரண்ட் துளி கசிந்தாலும் அது கீழே விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடுமாம். அதன் பக்கத்தில் சின்னப் பொத்தான் ஒன்று இருந்தது. வாரம் ஒரு தடவை அதை அழுத்திப் பார், சுவிட்ச் விழுந்தால் எல்லாம் நல்லது, விழாவிட்டால் யாரையும் குளத்தில் இறக்காதே என்று அவர்களில் மூத்தவர் சிங்களத்தில் எனக்குச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அழுத்த வேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகுதான் வினை ஆரம்பித்தது. விடியற்காலையிலேயே பம்பு இரைகிறது, தூங்க முடியவில்லை என்று வந்தவர்கள் முறையிட்டார்கள். முதலாளி போனில், பம்பைத் தூக்கிக் கீழே பழைய உர ஸ்டோருக்குப் பின்னால் வை என்றார். அந்தச் சின்ன வேலைக்குக் கொழும்பிலிருந்து ஆள் வருமா? என் அண்ணனைக் கூப்பிட்டேன்.

அண்ணன் ஹட்டனில் ஒரு கரண்ட் கொந்தராத்துக்காரரிடம் வேலை பழகியவன். எங்கள் தோட்டத்து லயங்களில் பாதிக்கு வயர் இழுத்தவன் அவன்தான். கோயில் திருவிழாவுக்குச் சோடனை விளக்குப் போடவும் அவன்தான் வர வேண்டும். யார் வீட்டில் மின்விசிறி நின்றாலும், டிவி கறுத்தாலும் அண்ணனைத் தேடி வருவார்கள். கூப்பிட்ட குரலுக்குப் போவான், தேநீர் மட்டும் குடித்துவிட்டு வருவான். அதனால் அவனுக்கு ஒரு மிதப்பு உண்டு. அட்டைக் கடிக்குப் பயந்து முழங்கால் வரை றப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்வான். அதைப் படுக்கும்போதுதான் கழற்றுவான் என்று அண்ணி கேலி செய்வார்.

பம்பை இடம் மாற்றி, குழாய் பொருத்தி, வயர் இழுத்துக் கொடுத்தான். சத்தம் நின்றது. ஆனால் வேறு தொல்லை தொடங்கியது. மூட்டம் இறங்கும் நாளெல்லாம் டிரிப் சுவிட்ச் விழுந்தது. குளிக்கப் போனவர்கள் தலையில் சவர்க்காரத்தோடு நின்று கத்துவார்கள். முதலாளி போனில் என்னை வாங்கு வாங்கென்று வாங்குவார். அண்ணன் மறுபடி வந்து போர்டைத் திறந்து என்னவோ செய்தான். "இனிமே விழாது புள்ள" என்றான். அதன் பிறகு விழவும் இல்லை. முதலாளி கெட்டிக்காரன் என்று புகழ்ந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பணிய லயத்துக்குத் தண்ணீர் வருவது ஒரே ஒரு பீலியில். ஒரு சிமெந்து மேடை, இரும்புக் குழாய், அதன் நுனியில் ஒரு பித்தளைத் திருகு, கீழே மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஒரு தொட்டி. அவ்வளவுதான். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக்குப் போவதற்கு முன் பெண்கள் அங்கேதான் குளிப்பார்கள், துணி அலசுவார்கள், குடம் நிறைப்பார்கள். முதலில் முரண்டு பிடித்தது ஒரு பசு. பால் மாடு, சாதுவான மாடு. அது தொட்டிப் பக்கம் வாயைக் கொண்டுபோகும், உடனே பின்னால் துள்ளும். மாட்டுக்காரர் கொழுப்பெடுத்துவிட்டது என்று அதை அடித்தார். பிறகு பெண்கள் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். திருகைத் தொட்டால் கையில் கிறுகிறுவென்று ஓடுகிறது, முழங்கை வரை சுண்டிப் புடிக்கிறது என்றார்கள். எல்லா நேரமும் இல்லை, காலையில் மட்டும் என்றார்கள்.

சாமிக் குற்றம் என்று பேச்சு எழுந்தது. மேலே ஊற்று இருக்கும் காட்டில் முனி இருக்கிறது. பல வருடமாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. சேர்ந்து பொங்கல் வைத்தோம், நானும்தான் போனேன். அன்று பார்த்து வழியில் எங்கேயோ மரம் விழுந்து ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. பீலியில் கை வைத்தவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. முனி மனம் இரங்கிவிட்டது என்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். மறுநாள் கரண்ட் வந்தது. பீலியும் பழையபடி புடித்தது. அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

கடைசியில் யாரோ, கரண்டாக இருக்குமோ என்று அண்ணனைப் பார்க்கச் சொன்னார்கள். வந்தான். பூட்ஸ் காலோடு மேடையில் ஏறி நின்று, திருகை முழுக் கையால் பிடித்துத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"எங்க கரண்டு? எனக்கு ஒண்ணும் புடிக்கலியே! நாலு பொம்பளைங்க கூடினாலே கரண்டுதான், போங்கடி" என்றான்.

ஆண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர்கூட வெறுங்காலோடு அங்கே நிற்கவில்லை என்று இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு புடித்தாலும் யாரும் வெளியே சொல்வதில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு திருகைத் திறந்தார்கள். ஈர முந்தானை!

அண்ணி அப்போது முழுகாமல் இருந்தார். கலியாணமாகிப் பல வருடம் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் கை விட்ட பிறகு தங்கிய பிள்ளை. ஐந்தாம் மாதம். அண்ணி அதிர்ந்து பேசத் தெரியாதவர். அண்ணன் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் என்னைத் தேடி வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"பீலில குளிக்கிறப்ப வயித்துக்குள்ள சுருக்குனு இழுக்குது. புள்ள துள்ளுறதா கரண்டு இழுக்குறதான்னு எனக்குத் தெரியல" என்றார்.

அண்ணனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அவரு புடிச்சுப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் நான் சொன்னா, அவர ஊருக்கு முன்னால பொய்யனாக்குற மாதிரி இருக்காதா?"

அண்ணியைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. வயிற்றில் இருப்பதை விடப் புருஷனுடைய பேர் பெரிதா என்ற கேள்வி வாய் வரை வந்தது. அழுதுவிடுவார் என்று விட்டேன்.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போலப் போர்டில் பொத்தானை அழுத்தினேன். டக்கென்று சுவிட்ச் விழுந்தது. விளக்கு அணைந்தது, குளிர்சாதனப் பெட்டி நின்றது, எல்லாம் அடங்கியது. அந்த அமைதியில் கீழே உர ஸ்டோர் பக்கமிருந்து ஊம் என்று ஒரு சத்தம் கேட்டது. காலையில் மட்டும் போடுகிற பம்பு ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ வாரமாக அழுத்தியிருக்கிறேன். அந்த நேரத்தில் வந்தவர்களின் பேச்சோ பாட்டோ எப்போதும் இருக்கும். அன்று பங்களாவில் யாரும் தங்கவில்லை.

கீழே இறங்கிப் போனேன். எனக்குக் கரண்ட் வேலை தெரியாது. ஆனால் பம்பின் உடம்பிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஒரு வயர் வெளியே வந்து, பக்கத்தில் போகிற பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயில் இறுக்கிக் கட்டியிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அதில் புதினம் ஒன்றும் இல்லை. எங்கள் லயங்களில் எல்லா வீட்டு எர்த்தும் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருக்கும். ஊற்றிலிருந்து மண்ணுக்குள்ளேயே வந்த நீண்ட இரும்புக் குழாய், கரண்டை மண் குடித்துவிடும், அதுதான் நல்ல எர்த்து என்று அந்தக் காலத்திலிருந்து எல்லோரும் செய்கிற வேலை. ஆனால் மேலே இருந்த இரும்பு துருப்பிடித்து ஒழுகி, சில வருடத்துக்கு முன்னால் அதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுக் கறுப்பு பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். ஸ்டோருக்குப் பின்னாலிருந்து பீலி வரைக்கும்தான் பழைய இரும்பு மிச்சம். அதுவும் மண்ணுக்குள் இல்லை, கல்லுக்கு மேல் கல்லாகத் தூக்கி வைத்துக் கீழே போகிறது. அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாவாடை கட்டிய வயதிலிருந்து அதன் நுனியில் தண்ணீர் பிடித்தவள் நான்.

பம்பை அணைத்துவிட்டு ஓடினேன். அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தான். நான் சொன்னதைப் பாதி கேட்பதற்குள் முகம் கறுத்துவிட்டது.

"தோட்டம் பூரா அப்பிடித்தான் கட்டியிருக்கு. இன்னைக்கி வரைக்கும் எவனாச்சும் செத்திருக்கானா?"

"மேல பிளாஸ்டிக் பைப்பு போட்டுட்டாங்கண்ணே. நீ கட்டின கரண்டு மண்ணுக்குப் போகல, பீலிக்குப் போவுது. டிரிப்பு சுவிட்சுலருந்தும் பம்பக் கழட்டிட்டியா இல்லியா?"

"கழட்டாம? நித்தம் விழுந்துச்சே, நீதானே போன் பண்ணி அழுத?"

"அது ஏன் விழுந்துச்சுன்னு நீ யோசிக்கவே இல்லியாண்ணே?"

"எனக்கு வேல சொல்லிக் குடுக்க வந்துட்டியா நீ?" சவரக் கத்தியைத் தட்டில் எறிந்தான். "நாளைக்கிக் காலைல பம்ப நானே போட்டுட்டு வாறேன். எல்லாரும் பீலிக்கி வாங்க. ஊருக்கு முன்னால புடிச்சுக் காட்டுறேன்."

நான் எவ்வளவோ சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை. உள்ளே அண்ணி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை நல்ல தூறல். பெரட்டுக்குப் போக இருந்த பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு பீலிக்கு வந்து நின்றார்கள். ஆண்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். யாரும் குழாயைத் தொடாதீர்கள் என்று நான் மேடைக்குக் குறுக்கே நின்று கத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் மேலே போய்ப் பம்பைப் போட்டுவிட்டு, சரிவில் விறுவிறு என்று இறங்கி வந்தான். என்னை ஒதுக்கிவிட்டு மேடையில் ஏறித் திருகைப் பிடித்தான்.

"பாத்துக்கங்க. எங்க கரண்டு?"

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. மெல்லிய குரல்தான். ஆனால் அந்த இடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"பூட்ஸக் கழட்டிட்டுப் புடிங்க."

அண்ணன் திரும்பிப் பார்த்தான். அண்ணி அவனுக்கு எதிராக ஊர் முன்னால் பேசியது அதுதான் முதல் தடவை. அவனுக்கு வேறு வழி இல்லை. வீம்போடு இரண்டு பூட்ஸையும் உதறி எறிந்தான். ஈரச் சிமெந்தில் வெறுங்காலை ஊன்றி, முழுக் கையால் திருகை இறுக்கிப் பிடித்தான்.

சத்தம் வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. தோள் வெட வெட என்று ஆடியது. கை மட்டும் திருகை விடவில்லை. விடு, விடு என்று எல்லோரும் கத்துகிறார்கள், அவனால் விட முடியவில்லை. "என்னங்க" என்று அலறிக்கொண்டு அண்ணி அவனைப் பிடிக்கப் பாய்ந்தார். வெறுங்கால், நனைந்த சேலை, நீட்டிய இரண்டு கைகள். அவர் அவனைத் தொடப் போகிறார் என்று தெரிந்தது. யோசிக்க நேரமில்லை. கொண்டையைப் பிடித்து இழுத்தேன். அண்ணி மல்லாந்து சேற்றில் விழுந்தார். மாட்டுக்காரர் ஓடிப் போய்த் தன் கூரைக்குள் காய வைத்திருந்த கவ்வாத்து மிலாறு, தேயிலைக் கம்பு, ஒன்றை உருவி வந்து அண்ணனுடைய மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். கை விட்டது. அண்ணன் மேடையிலேயே மடங்கி உட்கார்ந்தான். உயிர் இருந்தது.

அண்ணிக்கு வயிற்று வலி வந்துவிட்டது.

ஆட்டோவில் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி நெடுக அண்ணி கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைக் கையால் பொத்தியிருந்தார். நான் இழுத்து விழுத்தியதில்தான் ஏதாவது ஆகப் போகிறதோ என்று பயந்தேன். இழுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியும். தெரிந்தாலும் பயம் போகவில்லை. வார்டுக்குள் என்னை விடவில்லை. வெளியே வாங்குப் பலகையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவனையும் சோதித்துப் பார்த்து, மணிக்கட்டில் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். பூட்ஸ் பீலியிலேயே கிடந்தது. சேறு காய்ந்த வெறுங்காலைப் பார்த்தபடியே இருந்தான். கல்யாண வீட்டில் நாற்காலியை எட்டிப் போட்டுக் காலாட்டி உட்காரும் ஆள், அன்று வாங்கின் ஓரத்தில் ஒடுங்கியிருந்தான்.

"நித்தம் குளிச்சிருக்காளே புள்ள, நித்தம்..." என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அந்த நேரம் முதலாளியின் போன் வந்தது. சமையல்காரர் தகவல் சொல்லியிருக்கிறார். நான் நடந்ததைச் சொன்னேன். அண்ணி உள்ளே இருக்கிறார், பிள்ளைக்கு என்னவென்று இன்னும் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் ஐயோ ஐயோ என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பூல்ல ஒண்ணும் இல்லதானே? வெள்ளிக்கெழம ஆக்கள் வாறாங்க. அங்க கரண்ட் அடிக்காதுதானே?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. பிறகு அண்ணிக்குப் பழமும் பால்மாவும் அனுப்பினார். அது அவர் பொறுப்பு, கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் போனைச் சுவரில் அடித்து உடைக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

"அங்க அடிக்காது சேர். அங்க எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு" என்றேன்.

"நல்ல காலம்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

சாயந்திரம் தாதி வந்து, பிள்ளையின் நெஞ்சுத் துடிப்புக் கேட்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். நான் தமிழில் அண்ணனுக்குச் சொன்னேன். அவன் கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கம்பெனி ஆட்கள் திரும்ப வந்தார்கள். பம்பைக் குழாயிலிருந்து பிரித்து, அதற்கென்று செப்புக் கோல் அடித்து, தனியாக ஒரு டிரிப் சுவிட்ச் போட்டார்கள். உள்ளே ஈரம் புகுந்து சுருள் கெட்டிருந்த மோட்டாரைத் தூக்கி எறிந்தார்கள். அண்ணன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு லயம் லயமாகப் போய், தான் கட்டியதையும் பிறர் கட்டியதையுமாகக் குழாயிலிருந்த எர்த்து எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு வீட்டுக்கும் மண்ணில் கோல் அடிக்கத் தொடங்கினான். இத்தனை வருடம் இல்லாத ஆபத்து இப்போது எங்கிருந்து வந்தது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவன் கோலை அடித்துக்கொண்டே இருந்தான். வேலை முடிந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் நின்று, கரண்ட் இருந்தாலும் விரல் இறுகிக்கொள்ளாதபடி புறங்கையால் குழாயைத் தொட்டுப் பார்க்கிறான். அந்த நேரத்தில் அண்ணி பக்கத்தில் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பெண் பிள்ளை பிறந்தது. பூரணமாக இருக்கிறாள், ஒரு குறையும் இல்லை. இப்போது ஓடித் திரிகிறாள். பணிய லயத்தில் பெண்கள் எல்லோரும் இன்றைக்கும் திருகைத் திறப்பதற்கு முன்னால் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திறக்கிறார்கள். அதைப் பார்த்து வளர்கிற பிள்ளையும் அப்படியே செய்கிறாள். அவள் முகத்தில் பயம் ஒன்றும் இல்லை. குழாய் என்றால் அப்படித்தான் திறக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

போன மாதம் பங்களாவில் யாரும் தங்காத ஒரு நாள் அவளை என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். நீல விளக்கைப் போட்டுக் காட்டினேன். கையைத் தட்டிச் சிரித்தாள். ஓடிப் போய்க் குளத்து ஏணியின் பளபளப்பான கம்பிக்கு முன்னால் நின்றாள். பிடிக்கப் போன கையைத் திருப்பி, புறங்கையால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"இங்க அப்பிடிப் பாக்க வேணாங் கண்ணு, இங்க புடிக்காது" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிடித்தாள்.